மிஷினா இழுக்கிறது?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் டயாலிசிஸுக்குக் காத்திருப்பவர்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? முன்கையில் ஒரு ரத்தக்குழாய் விரல் தண்டிக்குப் புடைத்து, வளைந்து ஓடும். தொட்டால் கிர்ரென்று அதிரும். பார்க்கிற நமக்குப் பயமாக இருக்கும். நோயாளிக்கோ அந்த அதிர்வு இருந்தால்தான் நிம்மதி. டீ ஆறுவதற்குள் இது என்னவென்று பார்த்துவிடுவோம்.

டயாலிசிஸ் மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிவிடுகிறது. நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 72 லிட்டர். நம் உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர் சொச்சம்! ரத்தப் பரிசோதனைக்குக் குத்துகிற சிரை, அதாவது ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய், இந்த வேகத்தைத் தாங்காமல் சப்பிப்போகும். இதயத்திலிருந்து அழுத்தத்தோடு வரும் தமனியோ ஆழத்தில் கிடக்கிறது. அதை வாரம் மூன்று தடவை குத்திக்கொண்டிருக்க முடியாது. நாடி பார்க்கும் மணிக்கட்டுத் தமனியிலும் சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 மில்லிதான் ஓடுகிறது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிரெஷியா, சிமினோ, ஆப்பெல், ஹர்விச் என்ற நால்வர் 1966இல் இதற்கொரு வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளையிட்டுத் தைத்துவிடுவது. அதுதான் ஃபிஸ்டுலா. பலர் நினைப்பதுபோல உள்ளே பிளாஸ்டிக் குழாய் எதுவும் கிடையாது.

தைத்ததும் ஓட்டம் எப்படிக் கூடுகிறது? மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தை நினைத்துக்கொள்வோம். கால்வாய்த் தண்ணீர் மடை வழியாக வயலில் ஏறி, வரப்புக்கு வரப்பு நின்று நிதானித்துத்தான் வடிகாலுக்கு வந்துசேரும். கால்வாய்க்கும் வடிகாலுக்கும் நடுவே கரையை வெட்டிவிட்டால்? கால்வாயின் மட்டம் அதேதான். ஆனாலும் தண்ணீர் பாய்ந்து கொட்டும், தடுக்க வயல் இல்லையே. கையில் அந்த வயல், தமனிக்கும் சிரைக்கும் நடுவிலுள்ள நுண்குழாய்கள். அதைத் தாண்டிக் குறுக்கே வழி கிடைத்ததும் ஓட்டம் பல மடங்காகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சிரை விரிகிறது, சுவர் தடிக்கிறது. ஆறு வாரத்தில் 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்கடியில் 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம் என்பது டாக்டர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தப்பாக நினைக்கிறோம்: மிஷின்தான் கையிலிருந்து ரத்தத்தை இழுக்கிறது, பம்ப்பைக் கூட்டினால் ரத்தமும் கூடும் என்று. ஃபிஸ்டுலாவில் ரத்தத்தை ஓட்டுவது இதயம். மிஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மிஷின் அந்த ஓட்டத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, குழாய் சுருங்கி 200 மில்லிதான் ஓடுகிறது, பம்ப்பை 300இல் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 100 எங்கிருந்து வரும்? கையில் இரண்டு ஊசி இருக்கிறதல்லவா. ஒன்று ரத்தத்தை எடுக்க, இன்னொன்று திருப்பிவிட. சுத்தம் செய்து விட்ட ரத்தமே பின்னோக்கி வந்து மறுபடி முதல் ஊசிக்குள் போகும். திரையில் 300 என்றே காட்டும். சுத்தமான ரத்தத்தையே சுத்தம் செய்துகொண்டிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண், யாருக்கும் சட்டென்று தெரியாது.

ஓட்டுவது இதயம் என்று தெரிந்துவிட்டால் நர்ஸம்மாவின் கண்டிப்பும் புரிந்துவிடும். வயிற்றுப்போக்கிலோ, டயாலிசிஸில் நீரை அதிகம் எடுத்ததிலோ பிரஷர் இறங்கினால் ஓட்டம் தளர்ந்து ரத்தம் உறையலாம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. இறுக்கமான வளையல், கோயில் கயிறு, முழங்கை மடிப்பில் தொங்கும் கட்டைப்பை எல்லாமே ஓட்டத்துக்குத் தடைதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று உண்டு. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் புடைப்பு தளர்ந்து தணிய வேண்டும். தூக்கியும் விறைத்தபடியே நின்றால், மேலே போகிற வழியில் எங்கோ அடைப்பு ஆரம்பித்திருக்கலாம். ஸ்கேனில் இடத்தைக் கண்டுபிடித்துப் பலூன் வைத்து விரிக்க முடியும். அதிர்வே நின்றுபோயிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை பொறுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.