அண்ணன் இந்தியர், தம்பி அகதி! முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு குடியுரிமை கிடைக்குமா?

தர்மபுரி:

தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி அணை, வாணியாறு அணை, தும்பலஹள்ளி அணை உள்ளிட்ட இடங்களில் இலங்கை தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. இலங்கையில் 1983-ம் ஆண்டு நடந்த ஜூலை கலவரத்தில் தொடங்கி, பல கட்டங்களாக படகேறி தமிழகம் வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் வசிக்கிறார்கள்.

பிள்ளைகள் படிப்பது நம்ம ஊர் பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் 18 வயசு ஆனாலும் ஓட்டு கிடையாது. இந்திய பாஸ்போர்ட் கிடையாது. அரசு வேலையும் எட்டாக்கனி. 'இங்கதானே பிறந்தோம், நாங்க ஏன் இந்தியர் இல்லை?' என்ற கேள்விக்கு பதில், பிறந்த தேதியில் இருக்கிறது.

தேதிதான் கணக்கு

1955-ம் ஆண்டு குடியுரிமை சட்டப்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர்கள் இந்தியர்களே. பெற்றோர் எந்த நாட்டுக்காரர் என்று சட்டம் பார்ப்பதில்லை.

1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்திருந்தால், அப்பா, அம்மா 2 பேரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

3.12.2004-க்கு பிறகு விதி இன்னும் இறுகியது. 2 பேரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் 'சட்டவிரோதமாக குடியேறியவர்' அல்லாதவராக இருக்க வேண்டும்.

இதனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்தாலும், 1986-ல் பிறந்த அண்ணன் இந்தியர். 1988-ல் பிறந்த தம்பி அகதி. உள்ளூர் ஆளை கல்யாணம் செய்த முகாம் பெண்ணின் குழந்தைக்கும் இந்த விதியால் சிக்கல் வரலாம்.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க ஐகோர்ட்டு மதுரை கிளை 2022-ம் ஆண்டு உத்தரவிட்டது. அவர் 2024 பாராளுமன்ற தேர்தலில் முதல் முறையாக ஓட்டு போட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

பெற்றோர் நிலை என்ன?

பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவர்களை சட்டம் சட்டவிரோத குடியேறியவர் பட்டியலில் சேர்த்தது. அதனால் எத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு மனு செய்ய வழி அடைபட்டது. 2019-ம் ஆண்டு குடியுரிமை திருத்த சட்டத்திலும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே இடம் பெற்றன. இலங்கை இல்லை.

9.1.2015 வரை இந்தியா வந்து தங்கி, அரசிடம் பதிவு செய்த இலங்கை தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையில் இருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது தண்டனையில் இருந்து விலக்குதான், குடியுரிமை அல்ல.

1964-ம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்திய பாஸ்போர்ட்டுடன் வந்த தாயகம் திரும்பியோர் கதை வேறு. அவர்கள் இந்தியர்கள். அதே மலையக குடும்பங்களில் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் தப்பி வந்தவர்கள்தான் இன்றும் அகதிகள்.

என்ன செய்யலாம்?

1.7.1987-க்கு முன்பு இங்கே பிறந்தவர்கள் பிறப்பு சான்றிதழை உடனே தேடி எடுப்பது நல்லது. அதுதான் முக்கிய ஆதாரம். பெற்றோர் இருவரும் இலங்கை குடிமக்களாக இருந்து, பிள்ளை அதற்கு பிறகு பிறந்திருந்தால், சென்னையில் உள்ள இலங்கை துணை தூதரகத்தில் பிறப்பை பதிவு செய்து இலங்கை குடியுரிமை பெறலாம். அதையும் விட்டுவிட்டால், அந்த பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.