ஹாப்பர் வேகன்: கதவுக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

பெங்களூரு பையப்பனஹள்ளியிலிருந்து ஓசூர் வரை 48 கி.மீ. தூரத்துக்கு இரட்டைப் பாதைத் திட்டம். யஷ்வந்த்பூரிலிருந்து சன்னசந்திரா வரை இன்னொன்று. தண்டவாளம், ஸ்லீப்பர், சிக்னல் என்று இந்தத் திட்டங்களைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. ஜல்லியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு மீட்டர் அகலப்பாதைக்கு ஏறத்தாழ 2 கன மீட்டர் ஜல்லி பிடிக்கும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 2,000 கன மீட்டர். எடையில் சுமார் 3,000 டன். பழைய பாதைகளிலும் ஜல்லி நொறுங்கி, மண்ணில் புதைந்து குறைந்துகொண்டே போவதால் அவ்வப்போது புதிதாகக் கொட்ட வேண்டும்.

இந்த ஜல்லியை லாரியில் கொண்டுவந்து ஓரமாகக் குவிப்பது ஒரு வழி. பாதைக்கு நடுவிலும் இருபுறமும் அளவாகப் பரவ வேண்டுமென்றால் ஜல்லி ரயில்தான் வர வேண்டும். அந்த ரயிலின் வேகன்களுக்கு அடியில் கதவுகள் இருக்கின்றன. அவற்றை யார், எங்கே நின்று, எதைப் பிடித்துத் திறக்கிறார் என்பதில்தான் ஒரு தொழிலாளியின் கை, கால், சில நேரம் உயிரே அடங்கியிருக்கிறது.

அடியில் திறக்கும் வேகன்

திறந்த வேகனில் வரும் சரக்கை இறக்க மூன்று வழிகள் உண்டு. ஆட்கள் ஏறி மண்வெட்டியால் தள்ளலாம். வேகனையே பிடித்துக் கவிழ்க்கும் ‘டிப்ளர்’ என்ற ராட்சத இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கொட்டலாம். அல்லது வேகனின் அடியைச் சரிவாக அமைத்து, கீழே கதவு வைத்து, சரக்கைத் தன் எடையாலேயே விழச் செய்யலாம். மூன்றாவது வகைதான் ஹாப்பர் வேகன்.

இந்திய ரயில்வேயில் இரண்டு ஹாப்பர்களை அதிகம் பார்க்கலாம். ஒன்று ஜல்லிக்கான பி.ஓ.பி.ஒய்.என்.; மற்றது பெரும்பாலும் நிலக்கரிக்கான பி.ஓ.பி.ஆர்.என். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மின் கழகத்துக்கு ராய்ச்சூரில் 1,720 மெகாவாட், பல்லாரியில் 1,700 மெகாவாட், எரமரஸில் 1,600 மெகாவாட் திறனில் அனல்மின் நிலையங்கள் உள்ளன. நகரத்து வீடுகளில் எரியும் விளக்குக்கும் எங்கோ ஒரு ரயிலிலிருந்து இறங்கிய நிலக்கரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாட்டின் ரயில் சரக்கில் எடைக் கணக்கில் பாதியளவு நிலக்கரிதான்.

கையால் சுற்றும் சக்கரம்

ஜல்லி வேகனின் முனையில் சிறிய மேடை இருக்கும். அதில் நின்றுகொண்டு ஊழியர் கைச்சக்கரத்தைச் சுற்றுவார். சக்கரத்தின் அசைவு பற்சக்கரம், தண்டு, இணைப்புக் கம்பிகள் வழியாகக் கீழே போய்க் கதவை நகர்த்தும். நடுவில் கொட்ட ஒரு கதவு, இருபக்கமும் கொட்டத் தனித்தனிக் கதவுகள். ரயில் ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்க, பாதைப் பொறியாளர் ஓரமாக நடந்தபடியே ‘திற’, ‘மூடு’ என்று குரல் கொடுப்பார்.

வேலை எளிது போலத் தெரியும். ஆனால் இந்திய ரயில்வே பயன்படுத்தும் ஜல்லி 65 மி.மீ. முதல் 20 மி.மீ. வரையான கூர்முனைக் கருங்கல் சில்லு. பல டன் கல் கதவின் மேல் உட்கார்ந்திருக்கும்போது முதல் சுற்று நகரவே நகராது. கிரீஸ் வற்றிய பல்லும், மழையில் துருப்பிடித்த தண்டும் சேர்ந்தால் ஒருவர் கை போதாது. சக்கரத்தின் ஆரத்தில் கடப்பாரையைச் செருகி இருவர் நெம்புவார்கள். திடீரென்று கதவு விடுபடும்போது கல்லின் எடை முழுவதும் அந்தத் தண்டைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். பிடித்திருக்கும் கையையும் செருகியிருக்கும் கடப்பாரையையும் அது வீசியெறியும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தானியக் கிடங்குகளில் ஹாப்பர் கதவைத் திறக்க, தண்டு முனையின் துளையில் கம்பி செருகி நெம்பும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கம்பி நழுவி விழுதல், முதுகு பிடிப்பு, தோள் விலகல் எல்லாம் அங்கேயும் உண்டு. அதனால்தான் மோட்டாரில் இயங்கும் கதவு திறப்பான்கள் அங்கே சந்தைக்கு வந்தன.

ஆபத்து நான்கு இடங்களில்

திறக்கும்போது வரும் பின்னுதைப்பு முதல் ஆபத்து. அது கண்ணுக்குத் தெரிவதால் ஆட்கள் ஓரளவு எச்சரிக்கையாக இருப்பார்கள்.

மூடும்போது வருவது இரண்டாவது; இதுவே மோசமானது. கொட்டி முடித்ததும் கதவு விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கல் மாட்டிக்கொள்ளும். அதைத் தட்டிவிட ஒருவர் கீழே குனிந்து கையை விடுவார். மேலே இருப்பவர் அதைப் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றினாலோ, காற்றில் இயங்கும் கதவின் வால்வைத் திருப்பினாலோ கை நடுவில் அகப்படும். வேகன் ஓர் அடி நகர்ந்தாலும் போதும், குனிந்தவர் ரயில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பார்.

மூன்றாவது ஆபத்து மேலே. மழைக்காலத்தில் ஈரமான நிலக்கரி ஹாப்பர் சரிவில் ஒட்டிக்கொண்டு, கீழே கதவு திறந்திருந்தும் இறங்காது. வெளியே நின்று சம்மட்டியால் தகட்டை அடிப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் மேலே ஏறிக் குத்திவிடத் தோன்றும். மின்மயமான பாதையில் தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். கையில் இருப்பது இரும்புக் கம்பி. மின்சாரம் நிறுத்தப்பட்ட இடத்தில்கூட, நிலக்கரி மேல் நிற்பவர் காலடியில் இருப்பது திடீரென்று சரிந்தால் அவரும் அதோடு உள்ளே போய்விடுவார்.

நான்காவது, ஓடும்போது. சரியாகப் பூட்டாத கதவு அதிர்வில் திறந்துகொண்டால் ஜல்லியோ நிலக்கரியோ தண்டவாளத்தில் சிதறும். தொங்கும் கதவு பாயின்ட், சிக்னல் கருவிகளில் அடிக்கும். இறக்கும் இடத்திலேயே ரயில் நின்றுவிட்டாலும் இதே கதைதான்: கல் குவிந்துகொண்டே போய், அடுத்த சக்கரம் அந்தக் குவியல்மேல் ஏறித் தடம்புரளும்.

காற்றும் கொக்கியும்

நிலக்கரி ஹாப்பரில் கைச்சக்கரத்தின் இடத்தைக் காற்றுச் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. அழுத்தப்பட்ட காற்று எஞ்சினிலிருந்து குழாய் வழியே வந்து, வேகனிலுள்ள தொட்டியில் சேர்ந்திருக்கும். வால்வைத் திருப்பினால் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் நெம்புகோல்களை அசைக்கும், கதவுகள் திறக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தமுள்ள காற்று 20 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனைத் தள்ளினால் கிடைக்கும் விசை சுமார் 1,570 கிலோ. இருபது பேர் கடப்பாரையோடு நின்றாலும் இவ்வளவு சீராகத் தள்ள முடியாது.

திறக்கக் காற்று உதவும். மூடிய கதவைப் பிடித்துவைக்கும் வேலையைக் காற்றிடம் ஒப்படைக்கக் கூடாது. குழாய் கசியலாம், எஞ்சின் கழன்று போகலாம். எனவே நல்ல வடிவமைப்பில் அந்த வேலை நெம்புகோல்களுடையது. டிபன் கேரியரின் பக்கக் கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிவரை அழுத்த வேண்டியிருக்கும். அதைத் தாண்டியதும் ‘டக்’கென்று உட்கார்ந்துகொள்ளும். பிறகு அடுக்குகள் மேல்நோக்கித் தள்ளினாலும் கொக்கி இறுகுமே தவிர விடாது. ஹாப்பர் கதவின் பூட்டும் இதே கணக்குதான். நெம்புகோல் தன் நடுக்கோட்டைத் தாண்டி நின்றுவிட்டால், மேலே இருக்கும் சரக்கின் எடையே பூட்டை இறுக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒருவர் எதிர்த்திசையில் இழுத்தால்தான் திறக்கும்.

இதன் பலவீனம் அச்சாணிகளில் இருக்கிறது. அச்சாணியும் புஷ்ஷும் தேயத் தேய, நெம்புகோல் நடுக்கோட்டைத் தாண்டாமல் அதன்மேலேயே நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்குக் கதவு மூடியிருக்கும், பூட்டு விழுந்திருக்காது. அப்போது அதே எடை எதிரியாகிவிடும். ஆகவே இரண்டாவது பூட்டு ஒன்று வேண்டும்: முதலாவதோடு தொடர்பில்லாமல், தனியே விழுகிற ஒரு கொக்கி. முதல் பூட்டு சரியாக உட்கார்ந்ததா என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் வண்ணக் குறியும் வேண்டும்.

காற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரயிலின் பிரேக்கும் காற்றில்தான் இயங்குகிறது. கதவு திறக்கும் அவசரத்தில் பிரேக்குக்கான காற்று குறைந்துவிடக் கூடாது. இரண்டின் தர்மமும் நேர் எதிரானது என்பதையும் கவனிக்க வேண்டும். காற்று போனால் பிரேக் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று போனால் கதவோ இருந்தபடியே பூட்டிக் கிடக்க வேண்டும்.

எஞ்சினைக் கழற்றிய பிறகும் வேகனின் தொட்டியில் காற்று மிச்சமிருக்கும். பழுது பார்க்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது காற்றுக் குழாயை அடைத்து, மிச்சக் காற்றை வெளியேற்றி, அடைத்த குழாயில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. வேறு யாரும் தெரியாமல் திறந்துவிட முடியாதபடி இருப்பதுதான் இதில் பாதுகாப்பு.

பாதையே கதவைத் திறந்தால்?

வால்வைத் திருப்ப ஓர் ஆள் வேகன் பக்கத்தில் நின்றாக வேண்டுமா? 1960களின் நடுவில் பிரிட்டன் இதற்கு வேறு பதில் கண்டது. சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஒரே ரயிலை நிற்காமல் சுற்றவிடும் முறை அது. மின்நிலையத்துக்குள் ரயில் ஊர்ந்து போகும்போது, பாதையோரம் பொருத்திய கருவி வேகனின் பக்கவாட்டு நெம்புகோலைத் தட்டிக் கதவைத் திறக்கும். நிலக்கரி கீழேயுள்ள குழியில் விழும். சற்றுத் தள்ளி இன்னொரு கருவி கதவை மூடிப் பூட்டும். இதற்கென 10,000-க்கும் மேற்பட்ட வேகன்கள் அங்கே கட்டப்பட்டன. கதவருகே ஆளே தேவையில்லை.

இந்தச் சுற்றுரயில் முறையை இந்தியாவில் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. தன் சுரங்கத்தையொட்டிய மின்நிலையங்களுக்கு எடுத்துக்கொண்டது. சிங்ரௌலி, ராமகுண்டம் ஆகியவை அந்த வழியில் வந்தவை. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒரே வகை வேகன், ஒரே பாதை, ஒரே குழி என்றிருந்தால்தான் பாதையோரக் கருவிக்குச் செலவழிப்பது கட்டுபடியாகும். ஜல்லி ரயிலோ இன்று ஓசூர் பக்கம், நாளை துமகூரு பக்கம். கொட்டும் இடமும் அளவும் நாளுக்கு நாள் மாறும்.

அதற்கும் வழி வந்துவிட்டது. அமெரிக்காவில் ஹெர்சாக் நிறுவனத்தின் ஜல்லி ரயில்கள் தொலைவிலிருந்தே இயக்கப்படுகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு வேண்டும் என்பதை முன்பே அளந்து கணினியில் ஏற்றிவிட்டால், ஜி.பி.எஸ். பார்த்து அந்த இடத்தில் கதவு தானே திறந்து மூடும். தூசிக்கும் சக்கரத்துக்கும் பக்கத்தில் ஆள் நடக்க வேண்டியதில்லை.

எதற்கு முதலில் செலவழிப்பது?

நம்மிடமும் வேகன்கள் மாறிவருகின்றன. 2022 அக்டோபர் 16 அன்று புவனேசுவரத்தில் நாட்டின் முதல் அலுமினிய சரக்கு ரேக் (ஒரு ரயிலின் வேகன் வரிசை) கொடியசைத்து அனுப்பப்பட்டது. 61 வேகன்கள், எல்லாமே நிலக்கரிக்கான அடித்திறப்பு ஹாப்பர்கள். ஹிண்டால்கோ, பெஸ்கோ நிறுவனங்களும் ரயில்வேயின் ஆய்வமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வும் சேர்ந்து உருவாக்கிய இந்த ரேக், எஃகு ரேக்கைவிட 180 டன் எடை குறைவு. எடை குறைப்பில் காட்டும் இந்த அக்கறை கதவுப் பூட்டுக்கும் வர வேண்டும்.

புது வேகன் வரும்வரை பழையதை அப்படியே ஓட்ட வேண்டியதில்லை. வரிசைப்படி செய்யலாம். முதலில் ஏறத்தாழச் செலவே இல்லாதவை: கிரீஸ், தேய்ந்த அச்சாணிகளை மாற்றுவது, கடப்பாரையைத் தடைசெய்வது. அடுத்து சின்னச் செலவு: இரண்டாவது கொக்கி, வண்ணக் குறி, பூட்டுப் போடக்கூடிய காற்றடைப்பு, மேலே ஏறத் தேவையில்லாதபடி தகட்டை அதிரவைக்கும் வைப்ரேட்டர். பெரிய செலவான தொலைவியக்கம் அதற்குப் பிறகு.

பெங்களூரில் இத்தகைய கவனத்துக்கு முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை. 1984 செப்டம்பர் 15-இல் தொடங்கிய யலஹங்கா ரயில் சக்கரத் தொழிற்சாலை, நாட்டின் சரக்கு வேகன்களுக்குச் சக்கரமும் அச்சும் செய்து தருகிறது. அங்கே சக்கரங்கள் அல்ட்ராசோனிக் சோதனையும் காந்தத் துகள் சோதனையும் தாண்டித்தான் வெளியே வரும். சக்கரம் உடைந்தால் ரயிலே கவிழும் என்பதால் அந்தக் கவனம். கதவின் அச்சாணி தேய்ந்தால் அகப்படுவது பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் விரல். அது பெரிய செய்தியாவதில்லை.

அவசரமும் இதில் ஒரு பங்காளி. ரேக்கைக் குறித்த நேரத்துக்குள் காலிசெய்யாவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். கடிகாரம் ஓடும்போது கல்லை எடுக்கக் கை தானாகவே உள்ளே போகும். இறக்கி முடித்ததும் வண்டி கிளம்புமுன், லோகோ பைலட்டும் ரயில் மேலாளரும் வண்டியைச் சுற்றிவந்து, கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அறுபது வேகன் நீளத்தை டார்ச் வெளிச்சத்தில் நடந்து, நெம்புகோல் நடுக்கோட்டைத் தாண்டியதா என்று கண்ணால் தீர்மானிக்கச் சொல்வது நியாயமில்லை. அந்தத் தீர்மானத்தை வேகனே எடுத்துக் காட்ட வேண்டும்.

எனவே ஒரு கதவு இயக்கக் கருவியை வாங்கும்போதோ மாற்றும்போதோ அதிகாரிகள் எத்தனை வினாடியில் திறக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. காற்று போனால் என்ன ஆகும், கல் மாட்டினால் யார் எடுப்பார், எந்தக் கருவியால் எடுப்பார், அப்போது காற்றின் சாவி யார் கையில் இருக்கும் ஆகிய கேள்விகளையும் டெண்டரிலேயே எழுத வேண்டும். பதிலில் எங்காவது ‘தொழிலாளி கவனமாக இருப்பார்’ என்று வந்தால், அந்தக் கருவி இன்னும் முழுமையாகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.