வரப்பில் இறங்கும் ட்ரோன் – 9: பாதி சார்ஜில் உறங்கட்டும்

சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டு, மருந்தடிக்க நாள் குறித்தாகிவிட்டது. காலையில் கரண்டு இருக்குமோ இருக்காதோ என்று முந்தின இரவே ஐந்து செட் பேட்டரிகளையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி அடுக்கியாயிற்று. விடிந்தால் மழை. ஐப்பசி மழை ஒரு நாளோடு விடுவதில்லை. வானம் வெறித்த பிறகும் வயலில் தண்ணீர் வடியக் காத்திருக்க வேண்டும். டெல்டாவில் ட்ரோன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போன சங்கதி. அத்தனை நாளும் பேட்டரிகள் நூறு சதவீதச் சார்ஜுடன் சும்மா கிடந்தன. யாரும் அவற்றைக் கீழே போடவில்லை, வெயிலில் வைக்கவில்லை. ஆனாலும் அவற்றின் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது.

சென்ற வாரம் நாசில் அடைப்பைப் பார்த்தோம். நாசில் போனால் சில நிமிடத்தில் வேறொன்றை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம். பேட்டரி அப்படியல்ல. மருந்தடிக்கும் ட்ரோனில் திரும்பத் திரும்பக் காசு கேட்கிற பொருள் அதுதான். 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதென்று மத்திய அரசு 2023-ல் முடிவெடுத்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மீதிக்குக் குழு கடன் வாங்கலாம். ட்ரோனோடு வரும் பேட்டரி போக இன்னும் நான்கு செட்களைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 ஏக்கர் வரை அடிக்கலாம் என்ற கணக்கு அந்தக் கூடுதல் செட்களை நம்பித்தான் போடப்பட்டது. அவற்றில் இரண்டு படுத்துவிட்டால் ஏக்கர் குறையும், வரும்படி குறையும், தவணை மட்டும் குறையாது. முதன்முறையாக ஒரு இயந்திரத்தை நம்பிக் கடனில் இறங்கியிருக்கும் பெண்கள் இவர்கள். பறக்கக் கற்றுத்தருகிற அளவுக்குப் பேட்டரியைப் படுக்கவைக்கவும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பத்து லிட்டர் டேங்க் ட்ரோன்கள் பலவற்றில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து மாட்டுகிறார்கள். அதைத்தான் ஒரு செட் என்கிறோம். ஒவ்வொரு பேட்டரியிலும் ஆறு செல். செல் ஒன்றுக்குச் சராசரியாக 3.7 வோல்ட், முழுக்க ஏறினால் 4.2 வோல்ட். மேலே 22,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அந்த ஒரு பேட்டரி ஏறக்குறைய 490 வாட் மணி மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. ஒரு செட் என்றால், வீட்டு மீட்டர் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு யூனிட்!

செல்லுக்குள் லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்துக் கார்பன் அடுக்குகளுக்கும் மறுபக்கத்து உலோக ஆக்சைடுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கின்றன. முழுச் சார்ஜில் லித்தியம் பெரும்பாலும் கார்பன் பக்கம் வந்துவிடும். லித்தியத்தை இழந்த ஆக்சைடு அமைதியாக இருக்காது. பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலைட் கரைசலை மெல்ல மெல்லச் சிதைக்கும். கார்பன் பக்கமும் அதன் மேல் படிந்திருக்கும் ஏடு தடித்துக்கொண்டே போகும். அதில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. சிதைவில் வாயுவும் பிறக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு இரும்புக் கூடு கிடையாது, மெல்லிய அலுமினியப் பைதான் உடம்பு. வாயு சேரச் சேர அது உப்புகிறது. நாணேற்றியே வைத்த வில் எய்யாமலே தளர்ந்துபோவதுபோல, முழுச் சார்ஜில் கிடக்கும் செல் பறக்காமலே தளர்கிறது. வெப்பம் கூடினால் இவை எல்லாமே வேகமெடுக்கும்.

எவ்வளவு தளரும் என்பதற்கு லித்தியம் அயனி பேட்டரிகளைப் பற்றிப் பேசுபவர்கள் பரவலாக எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு சும்மா வைத்தால், 40 சதவீதச் சார்ஜில் இருந்தது தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கும். முழுச் சார்ஜில் இருந்தது 80 சதவீதத்தைத்தான் தக்கவைக்கும். 40 டிகிரியில் வைத்தால் முன்னது 85, பின்னது 65. நம் ஊர் ஓட்டு வீடும் தகரக் கொட்டகையும் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் காலியாக வைத்துவிடலாமா? அது இன்னும் மோசம். சும்மா கிடந்தாலும் பேட்டரியில் சிறிது சிறிதாகச் சார்ஜ் கசியும். உள்ளே மின்சுற்றுப் பலகை உள்ள 'ஸ்மார்ட்' பேட்டரி என்றால் அந்தப் பலகையும் கொஞ்சம் குடிக்கும். கடைசிப் பறப்பு முடிந்த கையோடு பெட்டியில் போட்டு இரண்டு மூன்று மாதம் மறந்துவிட்டால், செல் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடலாம். இன்னும் ஆழமாக இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி வைக்கும். செத்த பேட்டரியை உயிர்ப்பித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அப்படி உயிர்ப்பித்ததை உங்கள் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

ஆக, நடுவில்தான் வைக்க வேண்டும். செல் ஒன்றுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட். ஆறு செல் பேட்டரியில் மொத்தம் 23 வோல்ட் பக்கம், ஏறக்குறைய பாதிச் சார்ஜ். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்றொரு மோடு இருக்கிறது. கேமரா ட்ரோன்கள் சிலவற்றில் இந்த வேலையைப் பேட்டரியே பார்த்துக்கொள்ளும். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் தம்பிகள் வைத்திருக்கும் டிஜேஐ மேவிக் 3-ன் பேட்டரி மூன்று நாள் சும்மா கிடந்தால் தானாகவே 96 சதவீதத்துக்கும், ஒன்பது நாள் கிடந்தால் 60 சதவீதத்துக்கும் இறங்கிக்கொள்ளும். செய்தவர்களே முழுச் சார்ஜைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மருந்தடிக்கும் ட்ரோன்களின் சாதாரண பேட்டரிகளுக்கு அந்தப் புத்தி கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல் வருகிறது. முழுக்க ஏறிய 22,000 எம்ஏஎச் பேட்டரியைப் பாதியாக்க வேண்டுமானால் 245 வாட் மணியை வெளியேற்ற வேண்டும். பல சார்ஜர்களால் 20, 30 வாட் வேகத்துக்கு மேல் இறக்க முடியாது. ஒரு பேட்டரிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். ஐந்து செட்டில் பத்து பேட்டரிகள். யார் உட்கார்ந்து செய்வார்கள்? செய்யாததற்கு அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டோரேஜ் மோடைப் பயன்படுத்துங்கள் என்று பயிற்சியில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை.

வழி வேறு. முழுக்க ஏற்றிவிட்டு இறக்குவதைவிட, ஏற்றாமலே இருந்துவிடலாம். எல்லாச் செட்டையும் எப்போதும் பாதியில் வைத்திருங்கள். அடிக்கப் போகும் நாளின் விடியற்காலையில் இரண்டு செட்டை மட்டும் முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். பாதியிலிருந்து முழுமைக்கு, நிதானமான வேகத்தில் ஒரு செட்டுக்கு முக்கால் மணி நேரம் போதும். மீதி மூன்றும் பாதியிலேயே வயலுக்கு வரட்டும். முதல் செட்டுகள் பறக்கும்போதே மற்றவை வரப்போரத்தில் ஜெனரேட்டரில் ஏறிக்கொண்டிருக்கலாம். வானம் ஏமாற்றிவிட்டால் மாட்டிக்கொள்வது இரண்டு செட் மட்டுமே. இரண்டு நாளுக்குள் வேலை கிடைக்காது என்று தெரிந்தால், மழை விட்ட நேரம் பார்த்து, டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஆள் நடமாட்டமில்லாத திடலில் ட்ரோனைச் சில நிமிடம் நிறுத்திப் பறக்கவிடுங்கள். சார்ஜர் ஒரு பகல் முழுக்கச் செய்கிற வேலையை மோட்டார்கள் அந்தச் சில நிமிடத்தில் முடித்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று. ஒரு மணி நேரத்தில் முழுக்க ஏறும் வேகத்தில் ஒரு செட்டை ஏற்றினால் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வாட் இழுக்கும். வீட்டிலுள்ள ஐந்து ஆம்பியர் சாக்கெட்டுக்கு அதுதான் எல்லை. ஃப்ரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் நடுவே நீட்டிப்பு ஒயரில் மாட்டாமல், பவர் பிளக்கில் நேரே மாட்டுங்கள்.

வயலில் பறப்புக்கும் பறப்புக்கும் நடுவே நடப்பதையும் பார்த்துவிடுவோம். மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலோரம். ட்ரோன் ஓட்டுகிற பெண்மணி கன்ட்ரோலரோடு வரப்பில் நிற்கிறார். உதவிக்கு வந்த பையன் புங்கமர நிழலில் சார்ஜரோடு உட்கார்ந்திருக்கிறான்.

"அக்கா, இப்ப எறக்குன செட்டு கொதிக்குது. மாட்டிரட்டுமா? வயக்காரரு அவசரப்படுறாரு."

"கொதிக்கையில மாட்டாத தம்பி. பொறங்கையால தொட்டுப் பாரு. சூடு தெரியாம ஆனாத்தான் மாட்டணும். அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

சரியாகச் சொன்னார். பறக்கும்போது 80, 100 ஆம்பியர் வரை இழுபட்ட செல், தோலில் தெரியும் சூட்டைவிட உள்ளே கூடுதலாகச் சுடும். அந்தச் சூட்டோடு சார்ஜ் ஏற்றினால் முன்பு சொன்ன சிதைவு பல மடங்கு வேகமெடுக்கும். 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு ஏற்றுவது நல்லது. ஆறுவதற்கு நிழலும் காற்றும் போதும். ஒரு சிறிய மேசை விசிறி இருந்தால் நேரம் பாதியாகும். ஈரச் சாக்கைப் போர்த்துவது, ஐஸ் பெட்டியில் வைப்பது எல்லாம் வேண்டாம். இணைப்புகளில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஆறியபின் பையன் பேலன்ஸ் ஒயரின் வெள்ளைப் பிளக்கைச் சார்ஜரில் செருகினான். திரையில் ஆறு எண்கள்: 3.71, 3.71, 3.70, 3.71, 3.58, 3.71. ஐந்தாவது செல் பின்தங்கியிருக்கிறது. மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. அடுத்த பறப்பில் மற்ற ஐந்தும் தெம்பாக இருக்கும்போதே இது தரைதட்டும். டேங்க் நிறைய மருந்தோடு ட்ரோன் வயல் நடுவே உட்கார்ந்துவிடும். பேலன்ஸ் சார்ஜ் போட்ட பிறகும் அதே செல் மறுபடி இப்படிப் பின்தங்கினால், அந்தப் பேட்டரியின் வயல் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அந்த அக்கா பேட்டரிகளின் மேல் பெயின்ட் மார்க்கரால் 1அ, 1ஆ, 2அ, 2ஆ என்று எழுதிவைத்திருக்கிறார். சேர்ந்து வாங்கியவை சேர்ந்தே பறக்கின்றன, சேர்ந்தே ஏறுகின்றன. ஒரு கோடு போட்ட நோட்டில் செல் எண்களும் தேதியும் இருக்கின்றன. இந்தத் தொடருக்காக நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் மகிழ்வித்தது அந்த நோட்டுதான்.

வீட்டில் எங்கே வைப்பது? நெல் மூட்டை மேல் வேண்டாம், வைக்கோல் பக்கத்தில் வேண்டாம். பூச்சிமருந்தும் ஜெனரேட்டர் பெட்ரோலும் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. ட்ரோன் சாமான்களெல்லாம் ஒரே மூலையில் இருக்கட்டும் என்று பல வீடுகளில் அப்படித்தான் வைக்கிறார்கள். சிமென்ட் தரை, சுவரோரம், வெயில் படாத அறை, காற்றுப்போக இடைவெளியுள்ள இரும்புப் பெட்டி, இவ்வளவு போதும். பெட்டியை இறுக மூடிப் பூட்டக் கூடாது; உள்ளே தீப்பிடித்தால் புகை வெளியேற வழி வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், தூங்கும் அறையில் ஏற்றக் கூடாது. சார்ஜ் குறைவாக இருந்தால் தீயின் சீற்றமும் குறைவு. 2010 செப்டம்பரில் துபாயில் யூபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று, ஏற்றிவந்த லித்தியம் பேட்டரிகள் எரிந்து, விழுந்து நொறுங்கியது. இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். 2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே தடை. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக விதி.

டெல்டாவில் பேட்டரிகளுக்கு மிகக் கெட்ட காலம் சித்திரையும் வைகாசியும். உளுந்து, பயறு அறுவடை முடிந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை ட்ரோனுக்கு வேலை குறைவு. கத்திரி வெயிலும் அப்போதுதான். ஓய்வும் உச்ச வெப்பமும் ஒன்றாக வருவதால், ஓராண்டுத் தேய்மானத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்திலேயே நடந்துவிடக்கூடும். பங்குனிக் கடைசியில் எல்லாப் பேட்டரிகளையும் பாதிச் சார்ஜுக்குக் கொண்டுவந்து, இணைப்புகளில் படிந்த மருந்துக் கறையைத் துடைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள். மாதம் ஒரு தடவை செல் எண்களைப் பாருங்கள். 3.7-க்குக் கீழே போனதை மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். மூடிய வேனுக்குள் மட்டும் ஒரு பகல்கூட விட்டுவைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டும்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, டேப் சுற்றிப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். வெளியே வருவது எரியக்கூடிய வாயு. உள்ளே போவது ஈரக் காற்று. குத்திய ஊசியே இரு தகடுகளையும் இணைத்துவிடலாம். உப்பியதையும் கீழே விழுந்து அடிபட்டதையும் வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த இடத்தில், மணல் பரப்பிய மண்தொட்டியில் வையுங்கள். புகை வந்தால் நெருங்காதீர்கள். அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் ஃப்ளோரைடு வாயு உண்டு. ஆட்களை விலக்கிவிட்டு 101-க்கு அழையுங்கள்.

காலாவதியான பேட்டரிகள் இப்போதைக்குக் கொட்டகை மூலைகளில்தான் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால் அவர் அதை உடைக்கும்போது ஆபத்து அவருக்கு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் வைத்திருக்கின்றன. புதிய செட் வாங்கப் போகும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)