முழங்காலைப் பார்த்தால் போதுமா?

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் சிலர் முழங்கால் மடங்கியபடியே, பாதி உட்கார்ந்தாற்போல் நடப்பார்கள். தொடையின் பின்பக்கத் தசை குட்டையாகி முழங்காலை இழுத்துப் பிடிக்கிறது என்றுதான் பார்த்ததும் தோன்றும். அதை அறுவை சிகிச்சையில் நீட்டிவிடுவதும் வழக்கம். அமெரிக்காவில் ஸ்காட் டெல்ப் குழுவினர் இத்தகைய குழந்தைகளின் நடையைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்து 1996-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. பெரும்பாலானோருக்கு அந்தத் தசை இயல்பான நீளத்தில், சிலருக்கு அதற்கும் கூடுதலாகவே இருந்தது. அந்தத் தசை இடுப்பு, முழங்கால் இரண்டையும் தாண்டிப் போகிறது. முழங்கால் மடங்கினால் சுருங்கும், இடுப்பு மடங்கினால் நீளும். இக்குழந்தைகளுக்கு இரண்டும் மடங்கியிருக்கின்றன. குட்டையாகாத தசையை நீட்டினால் இருக்கிற வலுவும் குறையக்கூடும்.

இத்தகைய மாதிரிகளில் தசையின் விசையையும் கணக்கிடுகிறார்கள். உயிருள்ளவரின் தசைக்குள் எவ்வளவு விசை என்று வெளியிலிருந்து நேரடியாக அளப்பது மிகக் கடினம். அதனால் தோலில் ஒட்டிய சிறு உருண்டைகளைக் கேமராக்களால் பின்தொடர்ந்து, பாதம் ஊன்றும் விசையைத் தரையில் பதித்த தட்டால் அளந்து, நியூட்டன் விதிகளின் வழியே உள்ளே போகிறார்கள். ஒரு மூட்டைப் பல தசைகள் இழுப்பதால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு எண்ணற்ற விடைகள் வரும். உடல் சிக்கனமாகவே உழைக்கும் என்று வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்கிறார்கள். மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அந்தச் சிக்கனம் பொருந்துமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. ஆனால் தசை நீளக் கணக்குக்கு அந்த அனுமானமே தேவையில்லை. மூட்டுகளின் கோணமும் எலும்பின் வடிவமும் போதும். எலும்பு கோணியிருந்தால் அந்த வடிவத்தையும் மாதிரியில் திருத்தியாக வேண்டும், அது தனி வேலை.

விசைக் கணக்குகளை அப்படி விட்டுவிட முடியாது, அளவோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பெர்லினில் பெர்க்மன் குழுவினர் விசையை அளக்கும் கருவி வைத்த செயற்கை இடுப்பு மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். சாதாரண நடையிலேயே மூட்டில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விழுந்தது. 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ. முழங்காலுக்கும் இத்தகைய மூட்டுகள் வந்தபின், அளவை மறைத்துவைத்து ஆய்வாளர்களைக் கணிக்கச் சொல்லும் போட்டியே நடந்தது. கணிப்பு பிசகியவர்களும் உண்டு. பிசகு வெளியே தெரிந்ததால்தான் மாதிரிகளைத் திருத்த முடிகிறது. 2007 முதல் இத்தகைய மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் டெல்ப் குழுவின் ஓபன்சிம் மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிறது. உங்கள் குழந்தைக்குத் தொடையின் பின்பக்கத் தசையை நீட்டும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தால், தசையின் நீளத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.