சொற்கள் ஓடும் குழாய்

ஐந்நூறு பக்கங்கள் கொண்ட ஆங்கில நூல் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதில் மிகுதியாக வரும் பத்துச் சொற்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தால் கோடை விடுமுறை முழுவதும் இதற்கே போய்விடும் அல்லவா?

ஏறக்குறைய இதே கணக்கை 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் பென்ட்லி என்பவர், தாம் ஓர் இதழில் எழுதிவந்த பகுதிக்காக, கணிப்பொறி அறிஞர் டொனால்டு கனூத்திடம் கொடுத்தார். கனூத் எழுதிய நிரல் விளக்கங்களுடன் பத்துப் பக்கங்களைத் தாண்டியது. அதற்கு மதிப்புரை எழுதிய டக்ளஸ் மெக்கில்ராய், அதே வேலையை ஆறே கட்டளைகளில் முடித்துக் காட்டினார். (நிரலை ஒரு கட்டுரைபோல் விளக்கி எழுதலாம் என்று காட்டுவதே கனூத்தின் நோக்கம். ஆகவே இதை வெற்றி தோல்வியாகக் கொள்வது நியாயமன்று.)

அந்த ஆறு கட்டளைகள் என்ன செய்தன? முதலாவது, எழுத்தல்லாத குறிகளையும் இடைவெளிகளையும் நீக்கி, வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்தது. இரண்டாவது, பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கியது. மூன்றாவதான 'சார்ட்' சொற்களை அகரவரிசையில் அடுக்கியது. நான்காவதான 'யூனிக்' ஒரே சொல் எத்தனை முறை வந்தது என எண்ணியது. ஐந்தாவது மறுபடியும் 'சார்ட்'. இம்முறை எண்ணிக்கைப்படி, பெரியது முதலில். ஆறாவது, கேட்ட அளவு வரிகளைத் தந்துவிட்டு நின்றுகொண்டது.

எண்ணுவதற்கு முன் அடுக்குவானேன் என்று கேட்பீர்கள். யூனிக்கின் ஞாபகம் மிகக் குறுகியது. இப்போது வந்த வரியையும் அதற்கு முந்தைய வரியையும் மட்டுமே அது ஒப்பிடும். ஒரே சொற்கள் அடுத்தடுத்து நின்றால்தான் கணக்குச் சரியாக வரும். புதிதாகப் பழகுபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. இன்னொன்று: எண்களை அடுக்கும்போது சார்ட்டிடம் 'இவை எண்கள்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது எழுத்தாகவே பார்த்து, 9-க்கு முன்னால் 10-ஐ வைத்துவிடும்!

ஒரு கருவி தரும் வரிகள் அடுத்த கருவிக்குள் போவதற்கு நடுவே ஒரு குழாய் உண்டு. விசைப்பலகையில் உள்ள நெட்டுக்கோடுதான் ( | ) அது. நிரல்களைத் தோட்டக் குழாய்களைப்போல ஒன்றோடொன்று மாட்ட முடிய வேண்டும் என்று 1964-லேயே குறிப்பு எழுதிவைத்தவர் இதே மெக்கில்ராய். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் அதை 1973-இல் யூனிக்ஸ் அமைப்பில் சேர்த்தார். லினக்ஸ் கணிப்பொறிகளில் இன்றும் அந்தக் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

விடையைக் கோப்பில் சேமிக்க '>' என்னும் குறியைப் போடுவார்கள். இங்கே எச்சரிக்கை! மதிப்பெண் பட்டியல் ஒன்றை அடுக்கி, அதே பெயருள்ள கோப்பிலேயே சேமிக்கச் சொன்னீர்கள் என்று வையுங்கள். பட்டியல் அடுக்கப்படாது; அழிந்தே போகும். ஏன்? நீங்கள் தட்டும் கட்டளையை முதலில் படிப்பது சார்ட் அல்ல, 'ஷெல்' என்னும் நிரல். '>' குறியைக் கண்டதும் அது அந்தக் கோப்பைத் திறந்து வெறுமையாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சார்ட்டை எழுப்புகிறது. பாவம், சார்ட் படிக்க அங்கே என்ன இருக்கும்? 'அழிக்கட்டுமா?' என்று ஒரு கேள்விகூட வராது. குப்பைத்தொட்டியிலும் தேட முடியாது. புதுப் பெயரில் சேமித்து, திறந்து பார்த்து, அதன் பிறகே பழையதை நீக்குங்கள்.

மெக்கில்ராயின் ஆறு கட்டளைகளைத் தமிழ் நூலுக்குக் கொடுத்தால் ஒரு சொல்லும் தேறாது! 'ஏ' முதல் 'இசட்' வரை உள்ளவை மட்டுமே அவற்றுக்கு எழுத்து. தமிழுக்கு முதல் கட்டளையை மாற்றி, இடைவெளி உள்ள இடத்தில் வரியை முறிக்கச் சொல்லலாம். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை இல்லாததால் இரண்டாம் கட்டளையே வேண்டாம். ஆயினும் 'வீடு', 'வீட்டை', 'வீட்டில்' மூன்றும் தனித்தனிச் சொற்களாகவே எண்ணப்படும்.

எழுத்துகளை எண்ணுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'தமிழ்' என்பதில் நமக்கு மூன்று எழுத்துகள். கணிப்பொறிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் பதினைந்து. உங்கள் பெயரை இதே போலப் பிரித்து, எத்தனை எழுத்து, எத்தனை குறியீடு, எத்தனை பைட் என்று முதலில் கையால் கணக்கிடுங்கள். பிறகு 'டபிள்யூசி' என்னும் கருவியிடம் கேளுங்கள். ஒன்று கூடுதலாகச் சொன்னால், வரியின் முடிவில் நீங்கள் தட்டிய 'என்டர்' விசையையும் அது எண்ணியிருக்கிறது.