மலை வாழையும் பயிர் நோயியற் கல்வியும்

பழனி மலைத் தொடரின் கீழ்ச் சரிவுகளில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், பாச்சலூர் முதலிய ஊர்களைச் சுற்றி, காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே நெடுங்காலமாகப் பயிராகி வருவது விருப்பாட்சி மலை வாழையாகும். மழையையே நம்பிய பயிர் இது. ஒருமுறை நட்டால், தாய் மரம் சாய்ந்த பின் பக்கக் கன்று மரமாகி, ஆண்டுக் கணக்கில் அதே குழியில் பலன் தந்து கொண்டிருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் இப்பழத்திற்குத் தனி இடம் உண்டு. இப்பழத்திற்கும், பக்கத்து மலையின் சிறுமலைப் பழத்திற்கும் 2008-09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெயரைக் காப்பாற்றி விட்டோம். பயிரைக் காப்பாற்றினோமா என்பதுதான் கேள்வி. மலையெங்கும் பரந்திருந்த இவ்வாழை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய்க்கு இரையாகிப் பெரும் பரப்பை இழந்து விட்டது. பல தோட்டங்களில் வாழை இருந்த இடத்தைக் காப்பியும் பிற பயிர்களும் பிடித்துக் கொண்டன.

இந்நோயின் தன்மையைக் குடியானவர் நன்கு அறிதல் வேண்டும். இது பூஞ்சாணத்தால் வருவதன்று. வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருவது. ஆகவே மருந்து தெளித்துப் பிணி கொண்ட மரத்தைக் குணப்படுத்த இயலாது. இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை நிறத்தில் விட்டு விட்டுத் தெரிவதே முதல் அடையாளம். இலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் பக்க நரம்புகளிலும் அக்கோடுகள் தெரியும். அதன்பின் வரும் இலைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறுகி, விளிம்பு வெளுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும். இந்நிலையை எவரும் அறிவர். ஆனால் அதற்குள் காலம் கடந்து விடுகிறது. இளமையில் நோய் பிடித்த மரம் குலை தள்ளாது.

நோயைப் பரப்புவது வாழையின் கரு நிற அசுவினி. இலைக் காம்பின் இடுக்கிலும், மண்ணை ஒட்டிய தண்டின் அடியிலும் இது கூட்டங் கூட்டமாக வாழும். எறும்பு ஏறி இறங்கும் மரத்தில் அசுவினி இருக்கக் கூடும் என்று ஐயுறலாம். நோயுற்ற மரத்தின் சாற்றைச் சில மணி நேரம் உறிஞ்சிய அசுவினி, தன் ஆயுள் முழுதும் நச்சுயிரியைச் சுமந்து திரியும். இதைவிடக் கொடிய வழி ஒன்றுண்டு. அது நம் கையாலேயே நடப்பது. நோய் கண்ட குழியின் கன்று பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே, உள்ளே நச்சுயிரி குடியேறியிருக்கும். அக்கன்றைப் பெயர்த்து உறவினருக்குக் கொடுத்தால் நோயையும் சேர்த்தே கொடுத்தவர் ஆகிறோம். மலை வாழை பல ஆண்டு ஒரே குழியில் நிற்பதால், ஒரு குழியில் புகுந்த நோய் அங்கேயே வேரூன்றி ஆண்டுதோறும் அசுவினிக்கு விருந்தளிக்கிறது.

இந்நோய் 1889-ஆம் ஆண்டளவில் பிஜித் தீவில் கண்டறியப்பட்டது. 1913-இல் இலங்கைக்கும், 1940-இல் கேரளத்திற்கும் வந்தது. ஆஸ்திரேலியாவில் 1920-களில் வாழைத் தொழிலே அழியும் நிலை ஏற்பட்டது. அங்கே மாகீ என்ற பயிர் நோய் ஆராய்ச்சியாளர், இது நச்சுயிரி நோய் என்றும், பரப்புவது அசுவினி என்றும், கன்றின் வழியாகவும் பரவும் என்றும் சோதனைகளால் நிறுவினார். அந்த நச்சுயிரியைக் கண்ணால் கண்டவர் அன்று யாருமில்லை. அதன் அமைப்பு தெளிவானது 1990-களில்தான். அதற்காக மாகீ காத்திருக்கவில்லை. நோயுற்ற மரத்தைக் கண்டவுடன் வேரோடு அழிப்பது, தூய கன்றை மட்டுமே நடுவது என்ற இரண்டு விதிகளையும் சட்டமாக்கி, தோட்டந் தோட்டமாகச் சென்று பார்க்க ஆய்வாளர்களையும் அமர்த்தினார்கள். தொழில் பிழைத்தது. அங்கே மரங்களைக் காத்தது மருந்தன்று; நோயை முதல் நாளிலேயே அடையாளம் காணப் பழகிய கண்கள்.

அத்தகைய கண்களை உண்டாக்கும் கல்வியே பயிர் நோயியல். ‘நோயியல்’ என்றவுடன் மருத்துவமனைச் சோதனைக் கூடத்தை நினைப்பவர் பலர். பயிருக்கும் அதே முறைதான். வேறுபாடு ஒன்றே: இங்கே நோயாளி வாய் திறந்து சொல்லாது.

இக்கல்விக்கு வழி எவ்வாறு? பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்தவர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெறலாம். மதுரையில் வேளாண்மைக் கல்லூரியும், மலையடிவாரமான பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் நமக்கு அண்மையில் உள்ளன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேளாண்மைப் பட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. மலைக் கிராமத்துப் பெற்றோர் பலர் இதை அறியாதிருப்பது வருந்தத் தக்கது. பட்டத்தின் பின், பயிர் நோயியலையே தனிப் பாடமாகக் கொண்டு இரண்டு ஆண்டு முதுகலையும், மேலும் முனைவர் பட்டமும் பெறலாம்.

அதன்பின் திறக்கும் வாயில்கள் பல. கல்லூரியில் ஆசிரியப் பணி உண்டு. இப்பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவரே ஆராய்ச்சியும் செய்து, உழவரிடமும் செல்லும் வழக்கம் உள்ளது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையங்களில் விஞ்ஞானி ஆவதற்கு அகில இந்தியத் தேர்வு நடைபெறுகிறது; 1993-இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்த வாழை ஆராய்ச்சி மையம் அக்கழகத்தைச் சேர்ந்ததே. அயல்நாட்டுச் சரக்கோடு நோய் வந்து இறங்காதபடி சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் காவல் செய்யும் பயிர்த் தொற்றுத் தடுப்பு நிலையங்களிலும் இப்படிப்புக்கு வேலை உண்டு. நீண்ட படிப்புக்கு வசதியில்லாதவர் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை முடித்து உதவி அலுவலர் பணிக்கு முயலலாம். தோட்டத்தை அடிக்கடி மிதிப்பவர் இவரே என்பதால், எம் கருத்தில் இப்பணி எதற்கும் தாழ்ந்ததன்று.

மலைக்கு உள்ளேயே ஆராய்ச்சிக்கு இடமில்லாமல் இல்லை. கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. காப்பியின் இலைத் துரு நோய், உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் என இம்மலையில் ஆராய வேண்டிய பிணிகளுக்குக் குறைவில்லை. வாழையைப் பொறுத்தவரை, நச்சுயிரி இல்லையெனச் சோதித்த தாய்க் கிழங்கிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்று உண்டாக்குவது ஆராய்ச்சியின் நற்பயன். ஓர் எச்சரிக்கை: சோதிக்காத தாயிலிருந்து எடுத்தால் திசு வளர்ப்பு நோயையே ஆயிரமாகப் பெருக்கும். சோதித்த கன்றும், நோயுள்ள தோட்டத்தின் நடுவே நட்டால் அசுவினியிடமிருந்து தப்பாது.

ஆகவே ஒருவர் தோட்டத்தை மட்டும் தூய்மை செய்து பயனில்லை. ஒரு சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் பார்வையிடப்பட வேண்டும். பார்ப்பவர் ஊராராகவும் இருத்தல் வேண்டும். குடியானவர் வேற்றாள் சொன்னதும் வளர்ந்த மரத்தை வெட்ட மனங் கொள்ளார். இங்கேதான் பஞ்சாயத்துக்கு வேலை இருக்கிறது. ஊரில் வேளாண்மை படித்த அல்லது படிக்கும் இளைஞர் எவர் என்று குறித்து வைத்து, ஆராய்ச்சி நிலையத்தில் சில நாள் பயிற்சி பெறச் செய்து, அவரைக் கொண்டு தோட்டங்களைப் பார்வையிடலாம். காந்திகிராமத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரின் துணையையும் நாடலாம்.

நோயுற்ற மரம் உறுதியானால் அதை உடனே வெட்டிச் சாய்த்தல் தவறு. அசுவினி எழுந்து அடுத்த மரத்திற்குப் போய்விடும். முதலில் அலுவலர் குறிப்பிடும் பூச்சி மருந்தை இலை இடுக்கிலும் அடித்தண்டிலும் நன்கு படுமாறு தெளிக்க வேண்டும். அசுவினி மடிந்த பின்பே மரத்தையும் அதன் எல்லாப் பக்கக் கன்றுகளையும் கிழங்கோடு தோண்டி, மீண்டும் துளிர்க்காதவாறு சிறு துண்டுகளாக நறுக்கி விட வேண்டும். ஐயமுள்ள மரத்தைப் பற்றிக் கேட்க விரும்புவோர், காம்பின் கோடுகள் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து முதலில் அனுப்புதல் நலம். இலையையே கேட்டால், இளம் இலையைக் காம்போடு அறுத்து, ஒட்டியுள்ள அசுவினியைத் துடைத்தெடுத்து, உலர்ந்த காகிதத்தில் சுற்றி, ஊரும் நாளும் எழுதி அனுப்புக. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகி விடும்.