படலையில் நிற்கும் தோழன்

விடுமுறைக்காகப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் வீட்டு நாய்க்குச் செய்தி தெரிந்துவிடுகிறது. திண்ணையிற் படுத்திருந்தது எழுந்து வந்து, மடித்து வைக்கும் துணிகளை முகர்ந்து பார்க்கும். பின்னர்ப் படலையருகே போய் நின்றுகொள்ளும். "நானும் வரலாமா?" என்னும் வினா அதன் கண்களில் நிற்கின்றது. அவ்வினாவைப் பற்றிப் புறப்படும் நாள்வரை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வினா பழையதே. பாரதக் கதையின் இறுதியில், தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்து நின்றார். நமது பயணம் அத்துணை நெடியதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கோ, வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கோ போகின்றோம். எனினும், தருமருக்கு உறுதி ஒன்றே போதுமாயிருந்தது. நமக்கு உறுதியோடு ஆயத்தமும் வேண்டும்.

முதலில் தடுப்பூசி. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நோய்க்குரிய ஊசியையும் ஏனைய ஊசிகளையும் போட்டு, அதற்குரிய அட்டையைக் கையோடு கொண்டு செல்லல் நன்று. இது நம் நாயின் நலம் மட்டும் கருதியதன்று. வளர்ப்பு நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்னும் நோய் 1994-ஆம் ஆண்டிலே தன்சானியாவின் செரங்கெட்டி வனத்துட் புகுந்து, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மாய்த்தது. வன்னியிலோ ஊருக்கும் சிறுத்தை வாழும் காட்டுக்கும் இடையே சில இடங்களில் ஒரு வேலியே எல்லை.

அடுத்தது வெயில். ஆகஸ்ட் விடுமுறையில் வன்னி நிலம் வறண்டு கிடக்கும். மனிதரைப்போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. ஆதலால் அதிகாலையிற் புறப்படுக; நீரும் ஒரு கிண்ணமும் எடுத்துச் செல்க. தேநீர் அருந்திவரும் சிறு பொழுதுக்கேனும் பூட்டிய காருக்குள் அதனை விட்டுச் செல்லாதீர்கள். அடுப்பில் வைத்துவிட்டுப் போவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

தங்கும் வீட்டாரிடமோ விடுதியாரிடமோ முன்னரே இசைவு பெறுவதும் அவசியம். சுண்டிக்குளம் 2015-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தேசியப் பூங்காக்களுள் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை.

சங்கிலியைக் கழற்றிவிட ஆசை எழும் இடங்களே பெரும்பாலும் ஆபத்தான இடங்கள். குளக்கரையில் முதலை கிடக்கும். காட்டோரத்தில் யானையைக் கண்டு குரைக்கும் நாய், அது துரத்தத் தொடங்கியதும் எசமானனை நோக்கியே ஓடிவரும். யுத்தம் முடிந்து பதினைந்து ஆண்டுகள் சென்ற பின்னும் முகமாலைப் பகுதியிற் கண்ணிவெடி அகற்றும் பணி முற்றுப்பெறவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகையை நாம் வாசிக்கலாம், நாய் வாசிக்குமா?

முதுமையுற்ற நாயும், வண்டி ஓட்டத்தைத் தாங்காத நாயும் வீட்டில் இருப்பதே மேல். அப்போது அதற்குப் பழக்கமான அயலவர் ஒருவரிடம் உணவையும் பொறுப்பையும் ஒப்படைத்துச் செல்வது கடன். அழைத்துச் செல்வதும் அன்பே. தக்கவர் கையில் விட்டுச் செல்வதும் அன்பே. ஒன்றையும் எண்ணாமற் புறப்படுவதே பிழை.

இதனை வன்னி மண்ணில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இம்மண்ணின் மக்கள் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று கிழக்கு நோக்கி நகர்ந்தனர். அதுவும் ஒரு புறப்பாடு. போகும் இடம் தெரியாது. திரும்பும் நாளும் தெரியாது. மாடுகளாவது பிழைக்கட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சென்றவர் பலர். மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, உடையவர் அற்ற மாடுகள் கூட்டங்கூட்டமாய் அலைந்தன. படலையில் நின்ற நாய்களைக் கணக்கெடுக்க அன்று யாருக்கு நேரம் இருந்தது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை நோக்கி, "நாயை ஏன் விட்டு வந்தீர்?" என்று கேட்க யாருக்கு வாய் உண்டு?

அவர்களுக்குத் தெரிவு இருக்கவில்லை, நமக்கு இருக்கின்றது. அவர்களுக்கு ஒரு நாழிகையும் அரிதாயிற்று. நமக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. போகும் நாளும் திரும்பும் நாளும் குறித்து, வாயில்லாச் சீவனுக்கும் ஓரிடம் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது அமைதிக் காலம் நமக்குத் தந்த பேறு. அப்பேற்றை அசட்டையால் இழக்கலாமா?

அடுத்த முறை பெட்டியைத் திறக்குமுன் படலைப் பக்கம் ஒருகணம் பாருங்கள். அங்கே நிற்பதற்கு நாள் கணக்குத் தெரியாது. திரும்பி வருவீர்கள் என்று மட்டும் நம்பி நிற்கின்றது.